சுமையா வீட்டுக்கு ஒரே ரூம்

அது ஓட்டல் சர்வர் இல்லீங்க டீச்சர். என்னப் பாக்காதீங்க, ரோட்டப் பாருங்க. போன்ல நான் "சர்வர் ஓடிட்டுத்தான் இருக்குது, நீ எப்ப வேணாலும் வா"ன்னு சொன்னதுக்கு ஒரு மாதிரியாத் திரும்பிப் பாத்தீங்களே, அதுக்குச் சொல்றேன். கலாமணி டிரைவிங் ஸ்கூலோட சேத்து மெஸ் ஒண்ணும் நடத்தலீங்க. மொதக் கியர் போடுங்க. கிளட்ச்ச மெதுவா விடுங்க, மெதுவா... அவ்வளவுதான். வண்டி தானாப் போகும். பயமே வேண்டாம். என் கால்கிட்டயும் ஒரு பிரேக் இருக்குது. ஆனா நான் அதத் தொடமாட்டேன். பதினாறு வருசமா ஈரோட்டுல பொம்பளைங்களுக்கு ஓட்டக் கத்துக் குடுக்கறேன், முடிஞ்ச மட்டும் கை வெக்கமாட்டேன். அது என் சுபாவம்.

சர்வர்னா கம்ப்யூட்டருங்க. எங்க ஊட்டு மூலையில, துணி தேய்க்கற மேசைக்குப் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் ராப்பகலா ஓடிட்டு இருக்குது. அதுக்குள்ள ஒரு உலகம் இருக்குது. அதுல நானும் என் பிரெண்ட்ஸ் மூணு பேரும் சனிக்கெழம சாயந்தரம் கேம் ஆடறோம். சிரிக்காதீங்க டீச்சர், ஸ்டியரிங் ஆடுது.

நாலு பேரும் கோயமுத்தூர்ல பாலிடெக்னிக்ல ஒண்ணாப் படிச்சோம். எலக்ட்ரானிக்ஸ். ஹாஸ்டல்ல ஒரே ரூம், பதினாலாம் நம்பர். இப்பப் போன்ல பேசுனது ஜெனோவா, தூத்துக்குடிக்காரி. மஸ்கட்ல ஆஸ்பத்திரி மெஷினுங்களுக்கு ரிப்பேர் பாக்கறா. வாசுகின்னு ஒருத்தி, சேலத்துக்காரி, பெங்களூர்ல சாப்ட்வேர் கம்பெனி. சுமையா ஆம்பூர்ல இருக்கறா, செருப்புக் கம்பெனியில குவாலிட்டி பாக்கறா. நான் மட்டுந்தான் படிச்சதுக்குச் சம்பந்தமே இல்லாம இப்படி உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்.

படிப்பு முடிச்சு இருபது வருசத்துல நாங்க என்ன பண்ணுனோம்? வாட்ஸ்அப்ல குரூப் வெச்சு குட் மார்னிங் அனுப்புனோம். பொறந்த நாளுக்குக் கேக் படம் அனுப்புனோம். அதுக்கு மூணு பேரு கை கும்பிடற படம் அனுப்புவாளுங்க. அவ்வளவுதான். பேசுனா நாலு நிமிசத்துல பேச்சுத் தீந்து போயிரும். புள்ள எப்படி இருக்குது, முட்டி வலி எப்படி இருக்குது, சரி வெக்கறேன்.

ரெண்டாவது கியர். கிளட்ச், கிளட்ச்! ஆ, சரி.

போன வருசம் வாசுகி சொன்னா, "எம் பசங்க ஒரு கேம் ஆடறானுங்க, நாமளும் ஆடலாம்டி"ன்னு. அந்தக் கேம்ல உலகமே சதுரச் சதுரமாக் கட்டைங்க. மண்ணும் கட்டை, மரமும் கட்டை, கல்லும் கட்டை. வெட்டி எடுக்கலாம், அடுக்கி ஊடு கட்டலாம். செயிக்கறதும் தோக்கறதும் கெடையாது. கேமோட சேத்து எல்லாரும் போன்ல குரூப் கால் போட்டுக்கறது. கை பாட்டுக்குக் கட்டை அடுக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். நாலு நிமிசத்துல தீந்து போன பேச்சு ரெண்டு மணி நேரம் போச்சுங்க டீச்சர்! ஹாஸ்டல் வார்டனோட செருப்பு காணாமப் போனதுல ஆரம்பிச்சு என்னென்னமோ.

மொதல்ல வாசுகி எங்கியோ வெளிநாட்டுல ஒரு சர்வர வாடகைக்கு எடுத்திருந்தா. ஒரு மாசம் ஆடுனோம். புதுப்பிக்க மறந்துட்டா. கட்டுனது மொத்தமும் ஒரே நாள்ல போயிருச்சு. அப்பத்தான் நான் சொன்னேன், "இனி வாடகை எடமே வேண்டாம். எங்க ஊட்டுலயே வெக்கறேன். நான் பாத்துக்கறேன்"னு.

இந்த மாதிரி விசயத்துக்கு ஒருத்தர் பொறுப்பெடுக்கோணுங்க. எப்பவும் அது நானாத்தான் இருக்கும். ஹாஸ்டல்லயே ரூம் லீடர் நாந்தான். யாரும் ஓட்டுப் போடல. அது தானா அமைஞ்சுது.

எங்க ஊட்டுக்காரர் சென்னியப்பன், மஞ்ச மண்டியில வேலை. அவர்கிட்ட, "ஏனுங்க, ஊட்டுல ஒரு சர்வர் வெக்கலாம்னு இருக்கேன்"னேன். மனுசன் பேப்பரக் கீழ வெச்சுட்டு, "எதுக்கு கலா, நானே போட்டுச் சாப்பிட்டுக்கறேனே"ங்கறாரு. உங்கள மாதிரியேதான்.

ஸ்கூல்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடந்துச்சு. எல்.எல்.ஆர். பரிட்சைக்குப் படிக்க வர்றவங்களுக்கு சிக்னல் படமெல்லாம் காட்ட வாங்குனது. இப்ப எல்லாரும் போன்லயே பாத்துக்கறாங்க. அதத் தொடச்சு, மெமரி கொஞ்சம் சேத்துப் போட்டு, யூடியூப்ல ஒரு ஆளு சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திக் கேட்டுப் பண்ணுனேன். ஜாவா போடு, போட்டேன். சர்வர் ஃபைல எறக்கு, எறக்குனேன். சம்மதம்னு எழுதுன்னுச்சு, எழுதுனேன். மொதல்ல ஓடவே மாட்டேன்னுச்சு. பாத்தா ஒரு எழுத்துத் தப்பு. ரெண்டு நாளு அந்த ஒரு எழுத்தத் தேடுனனுங்க.

அப்பறம் ஓடுச்சு. கறுப்புத் திரையில வெள்ள எழுத்து ஓடுது. என் ஊட்டுல இருந்து நான் உள்ள போக முடியுது. ஆனா வெளியில இருந்து எவளாலயும் வர முடியல. ரூட்டர்ல கதவு தொறக்கோணும்னாங்க, அதுக்குப் போர்ட்னு பேரு, அதையும் தொறந்து வெச்சேன். அப்பவும் வர முடியல. நெட் லைன் குடுக்கற பையனக் கூப்பிட்டேன். அவன் சொல்றான், "அக்கா, உங்க ஊட்டுக்குன்னு தனி அட்ரஸ் இல்லீங்க. இந்தத் தெருவுக்கே ஒரே அட்ரஸ்தான். நீங்க வெளிய போலாம். வெளியில இருந்து ஒருத்தர் வந்தா எந்த ஊட்டுக்குன்னு தெரியாது, தெருமுனையிலயே நின்னு திரும்பிப் போயிருவாங்க."

எனக்கு அதக் கேட்டு ஒரு மாதிரி ஆயிருச்சு டீச்சர். மூணு பேரும் எங்க தெருமுனை வரைக்கும் வந்து நின்னு திரும்பிப் போயிருக்காளுங்க! மறுநாளே எழுதிக் குடுத்துத் தனி அட்ரஸ் வாங்கிட்டேன்.

லாரி வருது, லெப்ட்ல ஒதுங்குங்க. இன்னும். இன்னும் சித்த. நான் தொடலீங்க, சும்மா ஸ்டியரிங்ல வெரல் வெச்சேன், அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கெழம சொல்றேன் கேளுங்க. நாலு மணி. ஊட்டுக்காரர் சட்டை தேய்ச்சுட்டு இருக்காரு. நான் அந்தக் கறுப்புத் திரையப் பாத்துட்டே உக்காந்திருக்கேன். திடீர்னு ஒரு வரி வந்துச்சு. ஜெனோவா உள்ள வந்தாச்சுன்னு. மஸ்கட்ல இருந்து, கடலத் தாண்டி, எங்க ஊட்டு மூலையில இருக்கற பொட்டிக்குள்ள. நான் எந்திரிச்சே நின்னுட்டேன். ஊட்டுக்காரரு, "யாரு வந்தா?"ங்கறாரு. "ஜெனோவாங்க"ன்னேன். அவரு சட்டையப் போட்டுக்கிட்டு வாசலுக்குப் போயி எட்டிப் பாத்தாரு.

அடுத்தடுத்து வாசுகி, சுமையா. நாலு பேரும் ஒரு புல்லு மேட்டு மேல நிக்கறோம். போன்ல ஜெனோவா கத்தறா, "ஏட்டி கலா, ஒன் வீட்டுக்கு வந்துட்டேன் பாத்துக்க, காப்பி போடு!" கல்யாணத்துக்கு வந்தது, அதுக்கப்பறம் எவளும் எங்க ஊட்டுப் படி மிதிச்சதில்லீங்க.

மொத ரெண்டு மாசம் நெம்ப நல்லாப் போச்சு. ஜெனோவா ஒரு எடத்துல நிக்கமாட்டா, படகு செஞ்சுக்கிட்டு எங்கியாவது போயிட்டே இருப்பா. வாசுகிக்கு ஊடு கட்டறதுல ஆசையில்ல, பூமிக்கு அடியில தோண்டறதுதான். எலி மாதிரி தோண்டிட்டே பேசுவா. சுமையா மட்டும் ஒரு மலைச் சரிவப் பாத்து, அதுல ஒரு ஊடு கட்டுனா. சின்ன ஊடு. ஒரே ரூம். அதுக்கே ஏழு வாரம் ஆச்சு. ஒவ்வொரு கட்டையா வெப்பா, தள்ளி நின்னு பாப்பா, எடுப்பா, வேற வெப்பா. நான் "நான் வந்து கட்டிக் குடுக்கறேன்டி"ன்னு எத்தனவாட்டி சொன்னேன்! "இல்ல கலா, பரவால்ல"ன்னு சொல்லிருவா. அவ எப்பவுமே கேக்கறதுக்குக் கூச்சப்படுவா.

நான் என்ன பண்ணுனேன்னா, ஒழுங்குபடுத்துனேன். நாலு பேரு பொழங்கற எடம், ஒழுங்கு வேண்டாமுங்களா? மொதல்ல ரோடு போட்டேன். ரோடு போட்டா லெப்ட்ல போகோணும், அதுக்குப் பலகை வெச்சேன். வாசுகி அடுப்புப் பத்த வெச்சு அவ குடிசையே எரிஞ்சுது. சரி, இனி நெருப்பு வேண்டாம்னு நெருப்ப நிறுத்திட்டேன். இருட்டுல பேயி பிசாசு மாதிரி சிலது வரும், ஜெனோவா பயந்துக்குவாளேன்னு அதையும் நிறுத்திட்டேன். ஜெனோவா பயந்தான்னு இல்ல. பயந்துக்குவாளேன்னு. அப்பறம் வாசுகி தோண்டுன குழியில நானே விழுந்தேன், அதனால ரோட்டுக்கு அடியில தோண்டக்கூடாது. இப்படியே சேத்து, உள்ள வந்ததும் கண்ணுல படற மாதிரி ஒரு பெரிய பலகையில எழுதி வெச்சேன். மொத்தம் பதினொரு விதி. பதினொண்ணுதான் டீச்சர்! மோட்டார் வாகனச் சட்டத்துல எத்தன இருக்குது?

சர்வர் நம்மளதுன்னா நமக்குச் சில அதிகாரம் இருக்குதுங்க. ஒரு வரி டைப் பண்ணுனா யார வேணாலும் எங்க இருந்து வேணாலும் நம்ம பக்கத்துல கொண்டாந்து நிறுத்தலாம். நான் அதக் கண்டபடி உபயோகிச்சதே இல்ல. ஜெனோவா படகுல நெம்பத் தூரம் போயிட்டான்னா மட்டும் இழுத்துக் கொண்டாந்துருவேன். தொலஞ்சு போயிட்டா என்ன பண்றது? ஒருக்கா அவ கோவிச்சுக்கவும் செஞ்சா. "ஏட்டி, இப்பத்தான் ஒரு தீவு தெரிஞ்சுது, கரையில கால் வெக்கப் போனேன், அதுக்குள்ள இழுத்துட்ட"ன்னா. "அஞ்சு மணிக்கு எல்லாரும் ஒண்ணா டீ குடிக்கறதுன்னு விதி இருக்குதுல்ல, ஆறாம் நம்பர் பாரு"ன்னேன். சிரிச்சா. சிரிச்சான்னுதான் நெனச்சேன்.

யூ டர்ன் போடப் போறோம். இண்டிகேட்டர். அது வைப்பர். அடுத்தது... ஆங்.

இப்பத்தான் விசயத்துக்கு வாரேன். நான் போட்டுட்டு வந்த ரோடு, கடல்ல இருந்து மலை வரைக்கும் நூல் புடிச்ச மாதிரி நேரா வருது. நேரா வந்து எங்க முட்டுது? சுமையா ஊட்டுச் செவுத்துல. வளைச்சுப் போயிருக்கலாம்தான். ஆனா அத்தன தூரம் நேரா வந்த ரோடு அங்க மட்டும் கோணினா நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க. சரி, இந்தச் சாக்குல அவளுக்கு நல்லதா ஒரு ஊடு கட்டிக் குடுத்துருவோம்னு நெனச்சேன். ஒரு புதங்கெழம, ஸ்கூலுக்கு லீவு விட்டு, காலைல இருந்து சாயந்தரம் வரைக்கும் உக்காந்தனுங்க. பழைய ஊட்ட எடுத்தேன். ரோட்டப் பாத்த மாதிரி புதுசு கட்டுனேன். ரெண்டு மாடி. ஹாலு. மாமியாருக்கு மாடி ஏற முடியாது, முட்டி வலின்னு சுமையா சொல்லியிருக்கா, அதனால அந்தம்மாவுக்குக் கீழயே ரூம். கொழுந்தனாருக்கு ஒண்ணு, நாத்தனார் வந்தாப் போனாத் தங்க ஒண்ணு, புள்ளைங்களுக்கு மாடியில ஒண்ணு. சுத்தி காம்பவுண்டு. கேட்டுல பேருப் பலகை, 'ரியாஸ் அகமது – சுமையா இல்லம்'. ரியாஸ் அவ ஊட்டுக்காரர். எத்தன பேருக்கு இந்த மாதிரி ஒரு பிரெண்டு கெடைப்பா, சொல்லுங்க.

சனிக்கெழம மூணு பேரும் வந்தாளுங்க. நான் ஒண்ணும் சொல்லாம கூட்டிட்டுப் போயி கேட்டு முன்னாடி நிறுத்துனேன். சுமையா ஒவ்வொரு ரூமாப் போனா. நானும் பின்னாடியே போயி இது இன்னாருக்கு, இது இன்னாருக்குன்னு சொல்லிட்டே வந்தேன். கடைசியில அவ சொன்னா, "நல்லாயிருக்கு கலா." அவ்வளவுதான். "எம் பழைய சாமானெல்லாம்?"னு கேட்டா. "பொட்டியில பத்தரமா வெச்சிருக்கேன்டி, அடுப்படியில இருக்குது"ன்னேன். வாசுகியும் ஜெனோவாவும் ஒரு வார்த்த பேசல. அசந்து போயிட்டாளுங்கன்னு நெனச்சேன்.

அடுத்த சனிக்கெழம சுமையா வரல. நெட் சரியில்லைன்னு மெசேஜ். அடுத்த வாரம் ஜெனோவாவுக்கு டூட்டி. அதுக்கடுத்து வாசுகிக்குப் பிராஜெக்ட். அப்பறம் யாருமே வரல. நான் மட்டும் நாலு மணிக்கு உள்ள போயி நிப்பேன். எனக்கு அதுல ஒண்ணும் வருத்தமில்லீங்க. செய்யறதுக்கு வேலை நெறைய இருந்துச்சு. ரவுண்டானா கட்டுனேன். பஸ் ஸ்டாண்டு கட்டுனேன். சிக்னல் வெச்சேன், செவப்பு, பச்சை மாறி மாறி எரியற மாதிரி. ஒரு வண்டி கெடையாது, ஒரு ஆளு கெடையாது, சிக்னல் பாட்டுக்கு மாறிட்டு இருக்குது. நானே நின்னு நின்னு போவேன். அப்படி ரெண்டு மாசத்துக்கு மேல ஓடுச்சு.

ஊட்டுக்காரரு ஒருநாளு கேட்டாரு, "உன் சர்வருக்குச் சாப்பிட யாருமே வர்றதில்லையா?"ன்னு. நான் ரெண்டு நாளு அவருகூடப் பேசல.

வண்டிய ஓரங்கட்டுங்க டீச்சர். இல்ல, நீங்க தப்பா ஓட்டல. இதச் சொல்லிட்டே ரோட்டப் பாக்க முடியல எனக்கு. ஹேண்ட் பிரேக். ம்.

ஒருநாளு காலையில குரூப்ல வாசுகி ஒரு படம் போட்டா. போட்ட வேகத்துலயே அழிச்சுட்டா. ஆனா நான் பாத்துட்டேன். அதே கேமு. மூணு பேரு ஒரு படகுல நிக்கறாளுங்க. பின்னால மலை, சுத்தியும் காடு, ஒரு ரோடு கெடையாது. எங்க ஊட்டு உலகம் இல்ல அது. எனக்குத் தெரியாதா, எங்க ஊட்டு உலகத்துல ஒவ்வொரு மரமும் எனக்குத் தெரியும். வாசுகி அவ ஊட்டுல தனியா ஒரு சர்வர் வெச்சுட்டா! மூணு பேருக்கு மட்டும்!

ஒடம்பெல்லாம் எரிஞ்சுதுங்க. போன் பண்ணுனேன். வாசுகி எடுத்தா.

"எத்தன நாளா நடக்குது இது?"

"கலா, நான் சொல்லலாம்னுதான் இருந்தேன்..."

"நாயி மாதிரி அலைஞ்சு தனி அட்ரஸ் வாங்கி, கண்ணு முழிச்சுக் கத்துக்கிட்டு, உங்களுக்காக நான் வெச்சா..."

"நீ எங்களுக்காகத்தான் வெச்ச. ஆனா எங்கள ஆட விடலடி. நாங்க ஓட்டற வண்டிக்கு நீ பிரேக் அடிச்சுக்கிட்டே இருக்க. எனக்குப் பரவால்ல, நான் வேற எடத்துல தோண்டிக்குவேன். சுமையா ஊட்ட எதுக்குடி இடிச்ச?"

"இடிச்சனா? பெருசாக் கட்டிக் குடுத்தேன்!"

"அவகிட்டக் கேட்டியா?"

"நல்லது பண்றதுக்கு எதுக்குக் கேக்கோணும்?"

"சரி. அவ கட்டுனதுல எத்தன ரூம் இருந்துச்சு?"

"ஒண்ணு."

"ஏன் ஒண்ணு?"

"அவளுக்குக் கட்டத் தெரியல, அதான்."

வாசுகி மெதுவாச் சொன்னா, "அவ ஊட்டுல ஒம்பது பேருடி. ரெண்டு ரூம். அவ நம்மகூட எங்க உக்காந்து ஆடறா தெரியுமா? மாடிப்படியில. மடியில லேப்டாப்ப வெச்சுக்கிட்டு, யாராச்சும் ஏற வந்தா எந்திரிச்சு வழி விட்டுட்டு, மறுபடி உக்காந்து."

எனக்குத் தெரியாதுங்க டீச்சர். போன்ல அப்பப்ப "ஒரு நிமிசம், ஒரு நிமிசம்"பா. நான், இவளுக்கு ஆட்டத்துல கவனமே இல்லைன்னு திட்டியிருக்கேன். கவனமா ஆடோணும்னு ஒன்பதாம் நம்பர் விதியே அதுக்குத்தான் போட்டேன்.

வாசுகிகிட்ட நான் ஒண்ணும் ஒத்துக்கல. "நீங்க மூணு பேரும் நல்லா இருங்க"ன்னு சொல்லி வெச்சுட்டேன். பொட்டிய ஒரேயடியா அணைச்சுடறதுன்னு முடிவு பண்ணுனேன். அணைக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா உள்ள போனேன். எதுக்குன்னா, நான் கட்டுன ஊட்டுல என்ன குத்தம்னு பாக்கறதுக்கு. சத்தியமா, குத்தம் இல்லைன்னு நிரூபிக்கத்தான் போனேன்.

ஒவ்வொரு ரூமாப் பாத்தேன். இது மாமியாருக்கு. இது கொழுந்தனாருக்கு. இது நாத்தனாருக்கு. மாடியில புள்ளைங்களுக்கு. பெரிய ரூமு ரியாஸுக்கு. அவரு அஞ்சு வேளை தொழறவரு, அதனால அதுல ஒரு பக்கம் எடம் விட்டிருந்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. அப்பறம் சுமையாவுக்குன்னு எதக் கட்டுனேன்னு தேடுனேன். மறுபடி கீழ வந்தேன். மறுபடி மேல போனேன். அவ சாமான் பொட்டி எங்க இருந்துச்சோ அதுதான். அடுப்படி.

ஆம்பூர்ல இருக்கற அவ ஊட்டயே ரெண்டு மாடியாப் பெருசு பண்ணி நான் அவளுக்குத் திருப்பிக் குடுத்திருக்கேன். அதுல மாடிப்படிகூட இருந்துச்சுங்க.

தண்ணி இருக்குதுங்களா? குடுங்க. ம். போதும்.

நான் பொட்டிய அணைக்கல. என்கிட்ட ஒரு நல்ல பழக்கம் உண்டு, எதத் தொடறதுக்கு முன்னாடியும் மொத்த உலகத்தையும் ஒரு காப்பி எடுத்து வெச்சுருவேன். அந்தப் புதங்கெழம காலையிலயும் எடுத்து வெச்சிருந்தேன். அதத் திருப்பிப் போட்டா சுமையாவோட பழைய ஊடு வந்துரும். ஆனா அதுக்கப்பறம் நான் பண்ணுனது எல்லாம் போயிரும். ரவுண்டானா, பஸ் ஸ்டாண்டு, சிக்னல், சுமையா ஊடு இருந்த எடத்து வழியாப் போன ரோடு, எல்லாம். ரெண்டுல ஒண்ணுதான் வெக்க முடியும். அரை நாளு யோசிச்சனுங்க. பொய் சொல்லல, அரை நாளு. பஸ் ஸ்டாண்டு நெம்ப நல்லா வந்திருந்துச்சு.

திருப்பிப் போட்டுட்டேன்.

உள்ள போயி அந்தப் பதினொரு விதிப் பலகையையும் எடுத்துப் போட்டேன். அதிகாரத்தையும் என் பேர்ல இருந்து எடுத்து அவங்க மூணு பேருக்கும் குடுத்துட்டேன். மூணு மாசத்துக்குத்தான், அதுக்கப்பறம் பாத்துக்கலாம். ஊட்டுக்காரரு பக்கத்துல நின்னு பாத்துட்டு இருந்தாரு. "இப்ப நீ அங்க யாரு?"ன்னு கேட்டாரு. "சும்மா ஒரு ஆளு"ன்னேன். "நல்லாத்தான இருக்குது"ன்னுட்டுப் போயிட்டாரு.

சுமையாவுக்குப் போன் பண்ணுனேன். மன்னிச்சுக்கோன்னு சொல்றதுக்கு வாயெடுத்தேன், வரல. "உன் ஊடு இருக்குது. வந்தா வா"ன்னு மட்டும் சொன்னேன். "சரி கலா"ன்னா. அந்த வாரம் வரல. அடுத்த வாரமும் வரல.

மூணாவது வாரம், நாலே முக்காலுக்கு, கறுப்புத் திரையில அவ பேரு வந்துச்சு. நான் புல்லு மேட்டுல நின்னுட்டு இருந்தேன். அவ என்னத் தாண்டி நேரா மலைச் சரிவுக்குப் போனா. நான் தூரமாவே பின்னாடி போனேன். ஊட்டச் சுத்தி ஒருக்கா நடந்து பாத்தா. கதவத் தொறந்து உள்ள போனா. கதவச் சாத்திக்கிட்டா.

நான் வெளிய நின்னேன். அந்தக் கேம்ல கதவத் தட்ட முடியாதுங்க. ஒண்ணு தொறக்கலாம், இல்லைன்னா ஒடைக்கலாம். நான் ரெண்டும் பண்ணல. மழை வந்துச்சு, அதுலயும் மழை பேயும். பத்து நிமிசம் இருக்கும். போன்ல அவ மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்குது. பின்னால யாரோ படியேறிப் போற சத்தம். "ஒரு நிமிசம்"னா. இந்தவாட்டி நான் திட்டல.

அப்பறம் சொன்னா, "நனையற, உள்ள வா."

போனேன். ஒரு கட்டிலு. ஒரு வெளக்கு. சாமான் பொட்டி. வெளிய கடலு தெரியற மாதிரி ஒரு ஜன்னல். வேற ஒண்ணும் இல்ல. "உக்காரு"ன்னா. கேம்ல உக்கார முடியாது டீச்சர், நின்னுட்டே இருந்தேன். அவ பேச ஆரம்பிச்சா. இருபது வருசமாப் பேசாததப் பேசுனா. என்னன்னு உங்ககிட்டச் சொல்லமாட்டேன், அது அவ விசயம். முக்கால் மணி நேரம். நடுவுல அவ பெரிய பையனக் கூப்பிட்டுச் சொன்னா, "அம்மா வேலையா இருக்கேன், அந்தப் பக்கமாப் போ." அவ அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லீங்க.

அதுக்கப்பறம் வாராவாரம் வர்றா. ஜெனோவாவும் வர்றா, இப்பக்கூட அதான் கேட்டா, இன்னைக்கு வரலாமான்னு. படகுல எங்கியோ போறா, போகட்டும். வாசுகி ஊட்டு சர்வரும் ஓடிட்டுத்தான் இருக்குது. அதுக்கு என்னக் கூப்பிடல. நானும் கேக்கல.

சரி, வண்டிய எடுங்க, நேரமாச்சு. கண்ணாடியப் பாத்துட்டு எடுங்க.

ஒரே ஒரு விசயந்தான் டீச்சர். சுமையா ஊட்டு ஜன்னல் இருக்குது பாருங்க, அது செவுத்துக்கு நடுவுல இல்ல. ஒரு கட்டை எடது பக்கமாத் தள்ளி இருக்குது. ஒரே ஒரு கட்டை. எடுத்து வெச்சா அரை நிமிச வேலை. நாலு சனிக்கெழமையா அது முன்னாடியே நின்னு பேசிட்டு இருக்கேன்.

இன்னும் நான் அவகிட்டச் சொல்லல.